சொல்வழி கேளாத பிள்ளைகளும் அறத்தொடு நிற்பவர்களும்

போன மாதம் ஒரு பின்னேரம், முன்பு என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கே பதினாறு வயதில் ஒரு மகள். திருகோணமலையின் உவர்மலை ஏறிவந்த மூச்சு அடங்க முதலே கைப்பைக்குள் இருந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கறுப்பு அட்டை. நடுவில் பொன்னிற வட்டம், அதற்குள் அம்பைப் பிடித்தபடி ஒரு குருவி.

"டீச்சர், இது இவளின்ர தலையணைக்குக் கீழ கிடந்தது. எனக்கு இந்த இங்கிலீசு ஓடாது. பிள்ளையளைப் பிள்ளையள் கொல்லுற கதை எண்டு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லுறான். ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. கொஞ்ச நாளா ஒண்டும் சொல்வழி கேக்கிறாள் இல்லை."

"என்ன கேக்கிறாள் இல்லை?"

"முடியைக் கட்டையா வெட்டிப்போட்டாள். அறைக் கதவைச் சாத்துறாள். பெரியப்பா வீட்டு விசேசத்துக்கு வரமாட்டன் எண்டிட்டாள். சனிக்கிழமை ரியூசன் முடிஞ்சு நேர வீட்ட வராமல் சிநேகிதியளோட கடற்கரைக்குப் போயிருக்கிறாள். காசு கட்டேல்லை எண்டு ஒரு பிள்ளையை வகுப்பால எழுப்பி விட்டினமாம், இவள் எழும்பி நிண்டு சேரோட வாய் காட்டியிருக்கிறாள்."

ஐந்தையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னாள். கட்டை முடிக்கும் அந்தக் கடைசிக் காரியத்துக்கும் இடையில் அவள் குரல் கொஞ்சமும் மாறவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அது எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல அந்த ஒரு கதை போதாது.

நம்முடைய பேச்சில் நல்ல பிள்ளை என்றால் முதலில் சொல்வழி கேட்கிற பிள்ளை. கேளாதது குழப்படி. திருப்பிக் கதைத்தால் வாய்க்காரி. பள்ளிக்கூடத்துக்குப் போனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே 'ஒழுக்கம்' என்ற பெரிய குடை விரியும். நான் முப்பது வருடம் அந்தக் குடையின் கீழ் நின்று படிப்பித்தவள் என்பதால் சொல்கிறேன்: சப்பாத்து வெள்ளையாக இருப்பதும் ஒழுக்கம், இரட்டைப் பின்னல் போடுவதும் ஒழுக்கம், பரீட்சையில் பார்த்து எழுதாததும் ஒழுக்கம், சின்னப் பிள்ளைக்குக் கை நீட்டாததும் ஒழுக்கம். நாலுக்கும் ஒரே சொல், பல நேரம் ஒரே தண்டனையும்.

அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியல் இந்தக் குடையைத்தான் பிரித்துப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி: வகுப்பில் எழும்பி நிற்காமல் பேசலாம் என்று டீச்சர் விட்டுவிட்டால் பேசலாமா? பேசலாம் என்கிறார்கள். பக்கத்துப் பிள்ளைக்கு அடிக்கலாம் என்று டீச்சர் சொன்னால் அடிக்கலாமா? கூடாது, டீச்சர் சொன்னாலும் அது பிழை என்கிறார்கள். வழமை வேறு, அறம் வேறு என்பதைப் பிள்ளை மிகச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்கிறது. டூரியலின் வழியில் வந்த ஜூடித் ஸ்மெட்டானா பதின்ம வயதினரையும் பெற்றோரையும் பல வருடங்களாக ஆராய்ந்தவர். வீட்டுச் சண்டைகளில் பெரும்பகுதி முடி, உடை, அறை, சிநேகிதம், நேரம் என்பவற்றைப் பற்றியவை என்று அவர் கண்டார். பெற்றோர் அவற்றை வழமை என்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் சொந்த விஷயம் என்கிறார்கள். களவெடுக்காதே, அடிக்காதே, ஏமாற்றாதே என்று வீட்டில் விதி வைப்பதைப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் எதிர்ப்பதே இல்லை.

அந்தத் தாயின் பட்டியலை இந்தக் கண்ணால் பார்த்தால், முடியும் கதவும் சொந்த விஷயம். பெரியப்பா வீட்டு விசேசம் வழமை. காசு கட்டாத பிள்ளைக்காக எழும்பி நின்றது ஒன்றுதான் அறம் சம்பந்தப்பட்டது, அதிலும் மகள் நின்ற பக்கம் சரியான பக்கம். கடற்கரையை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். அதற்கு இந்த ஊரில் வேறு கணக்கு இருக்கிறது.

பதின்ம வயதினருக்கான நாவல்கள் பெரும்பாலும் முடியிலும் கதவிலும் தொடங்கி, வகுப்பில் எழும்பி நிற்கிற அந்த இடத்தில் போய் நிற்கின்றன. வாசிக்கிற பெரியவர்கள் முதல் ஐம்பது பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவதுதான் சிக்கல்.

இப்படி ஒரு வகை தனியாக உருவானது சமீப காலத்தில்தான். அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது 1957 இல். பத்து வருடம் கழித்து 1967 இல் எஸ். ஈ. ஹின்டன் எழுதிய 'த அவுட்சைடர்ஸ்' வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது, புத்தகம் வெளிவந்தபோது 18. ஓக்லஹோமாவில் ஏழைப் பையன்களும் பணக்காரப் பையன்களும் கூட்டம் சேர்ந்து அடிபடுகிற கதை. ஏழைப் பையன்களுக்குத் தங்கள் நீளமான, எண்ணெய் தடவிய முடிதான் அடையாளம், அதுதான் பெருமையும். ஒரு கொலைக்குப் பிறகு இரண்டு பேர் ஓடிப்போய் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கும்போது, ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க 14 வயது போனிபோயின் முடியை வெட்ட வேண்டி வருகிறது. உயிருக்கு ஆபத்து வந்த நேரத்தில் அந்தப் பையன் முடிக்காகக் கலங்குகிறான். பிறகு அதே தேவாலயம் தீப்பிடிக்கிறபோது, உள்ளே அகப்பட்ட சின்னப் பிள்ளைகளை வெளியே எடுக்க நெருப்புக்குள் போகிறவர்களும் இந்தக் காவாலிகள்தான். பெரியவர் ஒருவர் இந்தக் கதையை எழுதியிருந்தால் முடி விஷயத்தைச் சிரித்து விட்டிருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 15 வயதில் எழுதியவர் சிரிக்கவில்லை.

இதற்கு முன்னும் பிள்ளைகளுக்குக் கதை இருந்தது, எல்லா மொழியிலும். சொல் கேளாத ஆட்டுக்குட்டியை ஓநாய் பிடித்துக்கொண்டு போகும், கேட்ட ஆட்டுக்குட்டி வீட்டுக்கு வரும். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து வயதுக்கு அது வேண்டியதும்தான். பதினாறு வயதுக்காரிக்கு அதையே கொடுத்தால், ஓநாயின் பக்கத்துக் கதை என்னவென்று கேட்பாள்.

இந்த வகைக்குப் பெயர் வைக்கப்படும் முன்பே அதன் மிகக் கூர்மையான காட்சி எழுதப்பட்டுவிட்டது. மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின், 1884. ஹக் பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன். அடிமை முறை சட்டமாக இருந்த காலம். தப்பி ஓடுகிற ஜிம் என்ற அடிமையோடு ஆற்றில் தெப்பத்தில் போகிறான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட நீதிப்படி ஜிம் தன் எசமானி மிஸ் வாட்சனின் சொத்து. சொத்தைத் தப்ப வைப்பது களவு, களவெடுத்தவன் போகும் இடம் நரகம். இதை அவன் உண்மையாகவே நம்புகிறான். மனச்சாட்சி உறுத்த, ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியவுடன் பாவம் கழுவப்பட்டது போல இருக்கிறது. பிறகு தெப்பத்தில் ஜிம் தனக்காகக் காவல் விழித்திருந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. சரி, அப்படியென்றால் நான் நரகத்துக்கே போகிறேன் என்று சொல்லிக் கடிதத்தைக் கிழிக்கிறான்.

இந்தக் காட்சியை உயர்தர வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். பிள்ளைகள் முதலில் ஹக்கைப் புரட்சிக்காரன் என்பார்கள். அவன் புரட்சிக்காரன் இல்லை, அந்தச் சமூகம் பிழை என்று அவன் ஓரிடத்திலும் சொல்வதில்லை. தான் பாவம் செய்வதாக நம்பிக்கொண்டே சரியானதைச் செய்கிறான். அவனுக்கு மனச்சாட்சி என்ற பெயரில் உள்ளே பேசிக்கொண்டிருந்தது ஊர். ஊரின் குரலை விட ஜிம்மின் முகம் பெரிதாகத் தெரிந்த ஒரு நொடியில் கை கடிதத்தைக் கிழித்துவிட்டது. எந்த நீதிபோதனைப் பாடத்தாலும் இதைப் படிப்பிக்க முடியாது. படிப்பிக்கிறவரே ஊரின் குரலில்தானே பேசுகிறார்.

எழும்பி நிற்கிறவர்கள் எப்போதும் வெல்வார்கள் என்று சொல்லுகிற கதைகளை நான் நம்புவதில்லை. அதனால் ராபர்ட் கோர்மியரின் 'த சொக்லேட் வோர்' எனக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. 1974 இல் வந்தது. ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளிக்கூடத்தில் நிதி சேர்க்க மாணவர்கள் சொக்லேட் பெட்டி விற்க வேண்டும். ஜெரி என்ற மாணவன் விற்கமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் கலகம். நம்முடைய ஊர்களிலும் கொடி விற்பனைக்கும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கும் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவது உண்டு. விற்காத சீட்டை எல்லாம் கடைசியில் தகப்பனே வாங்கிக்கொள்வார், விஷயம் முடிந்துவிடும். கோர்மியருக்கும் அப்படித்தான் கதை கிடைத்தது. அவருடைய மகன் பள்ளிக்கூடத்தில் சொக்லேட் விற்க மறுத்தான், உண்மையில் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தகப்பன் யோசித்ததுதான் நாவல். அதில் எல்லாம் நடக்கிறது. மாணவர்களின் இரகசியக் கூட்டமும் பொறுப்பு ஆசிரியரும் ஒரு கையாகிறார்கள், முழுப் பள்ளிக்கூடமும் அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. இறுதியில் அடிபட்டுக் கிடக்கிற ஜெரி, சொன்னதைச் செய்துவிட்டுப் போ என்பதைத்தான் தன் சிநேகிதனுக்குச் சொல்ல நினைக்கிறான். முடிவை மாற்றச் சொல்லிப் பதிப்பகங்கள் கேட்டன, கோர்மியர் மாற்றவில்லை.

இது பிள்ளைகளுக்குச் சோர்வு தராதா என்று கேட்பார்கள். சோர்வு தரும்தான். ஆனால் அந்த நாவலில் வாசகரைச் சுடுகிறது ஜெரியின் தோல்வியா, சுற்றி நின்று கை தட்டியவர்களா என்று பாருங்கள். தனியாக இருக்கும்போது நல்லவனாக இருக்கிற பையன் கூட்டத்தில் வேறு ஆளாகிறான். 2005 இல் கார்ட்னர், ஸ்டைன்பேர்க் என்ற இருவர் செய்த ஒரு பரிசோதனை இதையே காட்டியது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சிநேகிதர் பார்த்துக்கொண்டு நின்றபோது பதின்ம வயதினர் தனியாக ஓட்டியதை விடக் கூடுதலாக ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சொல்வழி கேட்பதிலும் இரண்டு உண்டு என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டின் சொல்லைக் கேளாத பிள்ளை கூட்டாளியின் சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்கும். அதற்கும் கலகம் என்றுதான் பெயர் வைக்கிறோம்.

இதெல்லாம் அவங்கட கலாசாரம் டீச்சர், எங்கட பிள்ளையளுக்கு எதுக்கு என்று அந்தத் தாய் கேட்டாள். அவளுக்கு நானே படிப்பித்த சங்கப் பாட்டு மறந்துவிட்டது.

அகப்பாடல்களில் பெண் களவில், அதாவது வீட்டுக்குத் தெரியாமல், காதலிக்கிறாள். வீட்டுக்குச் சந்தேகம் வந்தால் வெளியே போக விடாமல் மறிக்கிறார்கள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர். மகளின் மெலிவுக்குக் காரணம் முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்தது, என்று எண்ணித் தாய் முருக பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள். அந்த நேரம் தோழி உண்மையைச் சொல்லிவிடுகிறாள்: இவளுக்கு ஒருவன் இருக்கிறான், வேறு இடத்தில் மணம் பேசாதீர்கள். பெரியவர்களிடம் இப்படி வாய் திறப்பதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். வாய் காட்டுதல் என்று சொல்லியிருக்கலாம், குடிப் பெயரைக் கெடுத்தல் என்று சொல்லியிருக்கலாம். அறத்தின் பக்கம் நிற்பது என்றார்கள்.

குறுந்தொகையின் 23 ஆம் பாடலில் தோழி இதை எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறாள்! குறி சொல்ல வந்த கிழவி ஊர் மலைகளை எல்லாம் பாடிக்கொண்டு வருகிறாள். தலைவனின் மலையைப் பாடியவுடன் தோழி குறுக்கே விழுகிறாள்: "பாடுக பாட்டே, இன்னும் பாடுக பாட்டே, அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே." யார் அந்த 'அவர்' என்று தாய் கேட்க வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியது. தாய்க்கு ஒரு அவமரியாதையும் இல்லை, உண்மையும் வெளியே வந்துவிட்டது. இதைவிட நுட்பமான பதின்ம வயதுக் காட்சியை நான் எந்த மொழியிலும் வாசித்ததில்லை.

கலித்தொகையின் 9 ஆம் பாடல் இன்னும் ஒரு அடி அப்பால் போகிறது. பெண் தலைவனோடு போய்விட்டாள். தேடிப்போகிற செவிலித்தாய் வழியில் முக்கோல் அந்தணர்களைக் கண்டு, என் மகளும் வேறொருத்தி மகனும் இந்த வழியால் போனார்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுகிறவருக்குத்தான் பயன், மலைக்கு என்ன செய்யும்? முத்துக் கடலில் பிறந்தாலும் அணிகிறவருக்குத்தான். உன் மகளும் உனக்கு அப்படித்தான் என்று சொல்லி, கடைசியில், அவளுக்காக வருந்தாதே, "அறந்தலை பிரியா ஆறும் மற்று அதுவே" என்கிறார்கள். அவள் போன வழியே அறம் தவறாத வழி. சொல்கிறவர்கள் துறவிகள், கேட்கிறவள் வளர்த்த தாய்.

இதை வைத்துச் சங்க காலப் பெண் எல்லாச் சுதந்திரமும் பெற்றிருந்தாள் என்று கொடி பிடிக்க நான் தயாரில்லை. அந்த அறத்துக்கு அளவுகோல் கற்பு. அவள் போனதும் ஒருவனோடு, திருமணத்தை நோக்கி. படிக்கப் போகிறேன் என்றோ, எனக்கு மணமே வேண்டாம் என்றோ ஒருத்தி சொல்லியிருந்தால் அந்தணர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்களோ. ஆனாலும் சொல்வழியும் அறமும் இரண்டு வேறு பொருள் என்பது தமிழுக்குப் புதிதல்ல. நம்முடைய ஊர்க்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 1895 இல் 'மோகனாங்கி' என்ற வரலாற்று நாவலைத் தந்தவர், அதற்கு முன்பே 'தத்தைவிடு தூது' என்று பெண் விடுதலை பேசுகிற ஒரு தூது நூலையும் எழுதினார். கிளியைத் தூது விடுகிற பழைய வடிவத்துக்குள் புதிய வழக்கைக் கொண்டுபோய் வைத்தார். திருகோணமலையில் பிறந்த ஒருவர் நூற்றாண்டுக்கு முன் செய்த வேலை.

இந்த ஊரின் ஐதீகத்தையும் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மலையைப் பிளந்த மாதிரி நிற்கிற இராவணன் வெட்டைக் காட்டி அம்மம்மாமார் என்ன சொல்வார்கள்? நோயாளித் தாய் வழிபடுவதற்காகக் கோயிலோடு மலையைப் பெயர்க்கப் பார்த்தான் என்பார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் தாயின் ஈமக்கடனுக்காக அவன் நிலத்தில் குத்தி உண்டாக்கியவை என்பார்கள். தாய்ப்பற்றில் இராவணனுக்கு மிஞ்சிய பிள்ளை இந்த ஊர்க் கதைகளில் இல்லை. அதே வாயால், பிறன் மனைவியைக் கவர்ந்ததால் அழிந்தான் என்றும் சொல்வார்கள். மறுபக்கத்தில் பிரகலாதன். தகப்பன் சொன்ன ஒரு சொல்லையும் கேளாத பிள்ளை, கோயில் கோயிலாகப் பிரசங்கத்தில் புகழப்படுகிற பிள்ளை. தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை என்று காலையில் மனனம் பண்ணிவிட்டு மாலையில் பிரகலாதன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டும் இடிக்கிறதே என்று ஒருநாளும் ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கவிடாமல் நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம் போலும்.

இனிக் கடற்கரைக்கு வருகிறேன்.

2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் ஒருவர் சொல்லையும் மீறவில்லை. பின்னேரத்தில் சிநேகிதர்களோடு கடற்கரையில் இருந்தார்கள், அவ்வளவுதான். என்னைத் தேடி வந்த தாய் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவள். நேர வீட்டுக்கு வா என்று இன்று மகளுக்கு அவள் சொல்கிறபோது அதற்குள் இருப்பது வழமையும் இல்லை, அதிகாரமும் இல்லை. மகள் பிறப்பதற்கு முன் நடந்தது அது. மகளுக்கு அது கேட்டுப் புளித்த செய்தி, தாய்க்கு இன்னும் வயிற்றில் இருக்கிறது. ஆபத்து சம்பந்தப்பட்ட இந்த விதிகளை ஆய்வாளர்கள் தனி வகையாகத்தான் வைக்கிறார்கள். இந்த ஊரில் அந்த வகை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அதனால்தான் எங்கள் தலைமுறைப் பெற்றோருக்குக் கதவைச் சாத்துவதும் கடற்கரைக்குப் போவதும் ஒரே பயமாகத் தெரிகின்றன.

இன்னொன்றும் உண்டு. எண்பதுகளில் 'வீட்டை விட்டுப் போன பிள்ளை' என்றால் இங்கே அதற்கு ஒரு அர்த்தம்தான். பதினாலு, பதினைந்து வயதில் ஒருவருக்கும் சொல்லாமல் இயக்கங்களுக்குப் போனவர்கள். அநியாயத்தைக் கண்டு பொறுக்காமல் போனவர்கள் இருந்தார்கள், கூட்டாளி போனான் என்று போனவர்கள் இருந்தார்கள், தகப்பனோடு கோபித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். பின்னாட்களில் விருப்பமில்லாமல் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. கலகம் செய்கிற பதின்ம வயது என்பது எங்களுக்குப் புத்தகத்தில் அறிமுகமான விஷயம் இல்லை. திரும்பி வராத பிள்ளைகளின் படங்கள் சுவரில் தொங்குகின்றன.

இந்தப் பின்னணியில்தான் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சுசான் கொலின்ஸ் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்', 2008. பனெம் என்ற கற்பனை நாட்டில் தலைநகரம் பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கி வைத்திருக்கிறது. பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்து 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுத்து, 24 பேரையும் ஒரு களத்தில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொல்ல வைத்து, நாடு முழுவதற்கும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். காட்னிஸுக்குப் பதினாறு வயது. குலுக்கலில் விழுந்தது அவளுடைய 12 வயதுத் தங்கை பிரிம்மின் பெயர். நான் போகிறேன் என்று காட்னிஸ் முன்னால் வருகிறாள்.

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது பிழையில்லை, பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்கிற கதைதான். ஆனால் அவளுடைய முதல் மீறல் எங்கே என்று பாருங்கள். தகப்பன் சுரங்க வெடிப்பில் இறந்துவிட, தாய் உடைந்துபோய்க் கிடக்க, வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் வேட்டைக்குப் போவது. சட்டப்படி குற்றம், வீட்டுக்குச் சோறு. கலகம் செய்யவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. தங்கையைக் காப்பாற்ற வேண்டும், அதில் தொடங்கியது நாடு தழுவிய கிளர்ச்சியில் போய் முடிகிறது. மாவட்ட மக்கள் மரியாதைக்குக் காட்டுகிற மூன்று விரல் வணக்கம் புத்தகத்தை விட்டும் வெளியே வந்தது. 2014 இல் தாய்லாந்தில் இராணுவப் புரட்சிக்கு எதிராக வீதிக்கு வந்தவர்கள் அதைக் காட்டினார்கள், 2021 இல் மியான்மாரிலும் காட்டினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2010 இல் வந்த மூன்றாவது பாகத்தின் முடிவு. வாசிக்காதவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். போரின் கடைசியில், உதவிக்கு ஓடிய பிரிம் குண்டுவெடிப்பில் இறக்கிறாள். அந்தக் குண்டு எதிரியுடையதல்ல, தன் பக்கத்துத் தலைமை போட்டதுதான் என்ற முடிவுக்குக் காட்னிஸ் வருகிறாள். கிளர்ச்சியின் தலைவி காயின், இனித் தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு கடைசிப் போட்டி நடத்தலாம் என்கிறாள். தலைநகரத்தை ஆண்ட கொடுங்கோலனைக் கொல்லும்படி காட்னிஸின் கையில் வில்லைக் கொடுத்து எல்லோர் முன்னும் நிறுத்துகிறார்கள். அவள் அம்பைக் காயினுக்கு விடுகிறாள். தலைநகரத்தின் சொல்லைக் கேளாதவள் கிளர்ச்சியின் சொல்லையும் கேட்கவில்லை. கொலை ஒரு தீர்வா என்று வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையோடு இருந்து வாதாட இதைவிட நல்ல பக்கங்கள் எனக்குத் தெரியாது, அதுவும் இந்த ஊரில்.

ஏன் இதற்கு ஆங்கிலப் புத்தகம் தேவைப்படுகிறது? தமிழில் சிறுவர் நூல் உண்டு, பெரியவர் நாவல் உண்டு. இடையில் உள்ளவர்களுக்கு என் காலத்தில் முத்து காமிக்ஸ் இருந்தது, அதற்குப் பிறகு நேரே 'பொன்னியின் செல்வன்', இல்லாவிட்டால் ரமணிசந்திரன். எங்கள் பதின்ம வயதுக்காரரைப் பற்றிய கதைகளை நாங்கள் பெரியவர்களுக்குத்தான் எழுதினோம். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யில் சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற கடற்கரைப் பையன் இருக்கிறான். ஷோபாசக்தியின் 'கொரில்லா'வில் (2001) தகப்பனை வெறுத்து இயக்கத்துக்குப் போகிற பையனைத் தகப்பனின் பட்டப்பெயரே துரத்துகிறது. இரண்டும் உயர்ந்த எழுத்து, இரண்டும் பதினாறு வயதுக்காரியின் தலையணைக்குக் கீழே போகும் என்று எண்ணி எழுதப்பட்டவை அல்ல. இலங்கைப் பின்னணியில் அப்படி எழுதப்பட்ட ஒன்று ஷியாம் செல்வதுரையின் 'சுவிமிங் இன் த மொன்சூன் சீ', 2005. 1980 ஆம் ஆண்டுக் கொழும்பு, 14 வயது அம்ரித், தன்னைத் தானே அடையாளம் காணுகிற ஒரு மழைக்காலம். அதுவும் ஆங்கிலத்தில்தான்.

தமிழில் எழுதினால் விற்காது என்பார்கள். பள்ளிக்கூட நூலகம் வாங்காது என்பதுதான் உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன். வாங்குகிறவர் பெரியவர், வாசிக்கிறவர் பிள்ளை. எழுதுகிறவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினால் கடைசி அத்தியாயத்தில் பிள்ளை அழுது மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும். அப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இரண்டு மூன்று என் பார்வைக்கு வந்திருக்கின்றன. நல்ல தமிழ், நல்ல நோக்கம், பதினைந்தாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. திருத்தித் தரச் சொல்லிக் கேட்டபோது, பிள்ளை மன்னிப்புக் கேட்கிற இடத்தைக் கீறிவிட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து அந்தத் தாய் புத்தகத்தை எடுக்க வந்தாள். பயப்பட ஒன்றும் இல்லை, வாசிக்கட்டும், முடிந்தால் நீயும் அவளிடம் கதையைக் கேள் என்றேன். முடியைப் பற்றிக் கதைக்காதே, காசு கட்டாத பிள்ளைக்காக எழும்பி நின்றதைப் பற்றி மட்டும் ஒருக்காக் கேட்டுப் பார் என்றும் சொன்னேன். கடற்கரை விஷயத்தில் உன் பயத்தை மறைக்காமல் அவளுக்குச் சொல் என்றேன். தலையாட்டினாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்தவள் வாசற்படியில் நின்றாள்.

"டீச்சர், அந்தப் பிள்ளை கடைசியில வீட்ட திரும்பி வருகுதோ?"

"வருகுது."

அவள் முகம் தெளிந்தது. தங்கையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.